வரித்தலை வாத்துக்கு ஒரு சாட்சி

தொடர்ந்து இரண்டு இரவு டூட்டி பார்த்துவிட்டு வந்தவளைத் தூங்கவிடாமல் பறவை பார்க்கக் கூட்டிப்போகும் புருஷன் எனக்குத்தான் வாய்த்திருக்கிறார். நான் மலையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்ப்பவள் பிரசவத்துக்குப் போனதிலிருந்து அவளுடைய இரவுகளும் என் தலையில்தான். இவர், பாண்டுரங்கன், மின்வாரிய லைன்மேன். கம்பத்தைப் பார்க்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தால், கம்பத்தின்மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார்.

"வேணாங்க. கண்ணெல்லாம் எரியுது," என்றேன்.

"மாசி பொறந்துடுச்சு சரிதா. இந்த வாரம் வுட்டா எல்லாம் கெளம்பிப் போய்டும். நீ சும்மா வந்து உக்காரு, போதும்."

நான் எதற்கு என்று எனக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் மலை ஏரியில் வரித்தலை வாத்தைப் பார்த்ததாக, பறவைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இவர் போட்டார். இமயமலையைத் தாண்டி வருகிற வாத்தாம். அபூர்வமான பறவை என்றால் ஃபோட்டோ வேண்டும், இல்லையென்றால் கூட இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் சட்டம். இவரிடம் இரண்டும் இல்லை. 'ஜவ்வாதுமலைல ஏதுண்ணா அது? யார் வூட்டு வாத்தோ!' என்று குழுவை நடத்தும் ஆனந்தன் எழுதினான். கடலோரம் கழிமுகத்துச் சரணாலயத்தில் முழ நீள லென்ஸோடு நிற்கிறவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அன்று மனுஷன் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் குழுவில் வாயே திறப்பதில்லை. எல்லாவற்றையும் படிப்பார், பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஏரியில் பனி மூடியிருந்தது. கோரைப்புல் மறைவில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். "அதோ நாமக்கோழி," என்று அவர் முணுமுணுத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. என் தலை அவர் தோளில் கிடந்தது. ஏரியில் ஒன்றுமில்லை.

"வந்துச்சு," என்றார். "ரெண்டு. இப்பதான் எழும்பிப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வேலைக்காக வந்தேனோ அதைத் தவிர மீதியெல்லாம் செய்திருக்கிறேன். என்மேலேயே எரிச்சலாக வந்ததில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை எடுக்குமுன் அவர் வலது கையை நாலைந்து தரம் உதறினார். குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் போட்டுவிட்டார். ஆனந்தன் உடனே கூப்பிட்டான்.

"ஃபோட்டோ இருக்குதாண்ணா?"

"இல்ல."

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"உங்க அண்ணி இருந்தா, ஆனா..."

அவர் 'ஆனா'வை இழுத்து முடிப்பதற்குள் ஃபோனைப் பிடுங்கினேன். "பார்த்தேம்பா. ரெண்டு வாத்து. வெள்ளைத் தலை, பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு, மஞ்சள் மூக்கு." ஒரு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து இதைத்தானே பரிமாறுகிறார், மனப்பாடம் ஆகாமலா இருக்கும்?

"சூப்பர் அண்ணி! அண்ணாகிட்ட ஸாரி சொல்லுங்க. ஏத்துக்கலாம்."

அப்பாடா என்றிருந்தது. அவர் ஃபோனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஆனந்தா, அவ பாக்கல. தூங்கிட்டிருந்தா. வுட்டுடு."

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு இன்னா பைத்தியமா? ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்க!"

"நீ பாக்காததைச் சேர்த்து எழுதினா, நான் பாத்ததும் பொய்யாத்தானே போவும்?"

ஆனாலும் எனக்கு விட மனசில்லை. "எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"வெயில் ஏறற வரைக்கும். கரையோரமா மேஞ்சிட்டு இருந்துச்சு, நம்ம வாசல்ல மேயற மாதிரி."

"அவ்ளோ கிட்டவா? அப்போ ஃபோன்லயே ஃபோட்டோ எடுத்திருக்கலாமில்ல?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடியும் வலது கையை உதறினார்.

"கேக்கறேன் இல்ல?"

"ஃபோன் பேண்ட்டு வலப்பக்கப் பாக்கெட்டுல இருந்துச்சு," என்றார். "நீ அந்தப் பக்கந்தான் சாஞ்சிருந்த. கையை எடுத்தா முழிச்சிக்குவ. நீ அப்டித் தூங்கி எத்தினி நாளாச்சு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த வாத்து, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. இந்த மனுஷன் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஆனந்தன் குழுவில் சிரிப்புப் பொம்மை போட ஆரம்பித்திருந்தான். இவர் அதைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கும் போலாம்," என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"உனக்கு ராத்திரி டூட்டி ஆச்சே?"

"இருந்தா இன்னா? வர்றேன். ஆனா உங்க பக்கத்துல உக்கார மாட்டேன். தூக்கம் வந்தா மரத்துல சாஞ்சிக்கறேன்."