சால்வையை விடாத பேய்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு டி-சர்ட். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கற்பனையில் உதித்தது என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

‘ஈரப் பேய்’ என்று ஒரு பழைய படம். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கிற மாதிரியும் இருக்காது. ஒரு பேயையும் நனைந்த உடையையும் காட்டிக் கல்லாவை நிரப்பிவிடலாம் என்று எடுத்தார்கள். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிவிட்டது. மிஞ்சிய ஒரே பிரதி என்னிடம். மாதாமாதம் என் ஜெராக்ஸ் கடை மாடியில் நாற்பது பைத்தியங்கள் கூடிப் பார்க்கிறோம். (நாற்பது மிகை. இருபது தேறும்.)

2

தண்ணீர்த் தொட்டியிலிருந்து பேய் எழும் காட்சிதான் எங்களுக்கு உயிர். ஆளை அடிக்க வந்த பேய், இரண்டு கையாலும் சால்வையைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெட்கப்படும் பேய்! உடனே நாங்கள் எல்லோரும் எழுந்து, இல்லாத சால்வையை அதேபோல் இழுத்துப் பிடிப்போம். முதல் விசில் எப்போதும் ஒரே ஆளுடையது. அவனுக்குப் பெயரே ‘விசில்’ ஆகிவிட்டது. அந்தப் பேயை டி-சர்ட்டில் அச்சடித்தவனும் அவன்தான்.

3

ஒரு மத்தியானம் கடைக்குள் ஒரு பெண்மணி வந்தார். கண்களில் ஏதோ மர்மம்—

(வேண்டாம். கண்களில் தூசிதான் இருந்தது. கசக்கிக்கொண்டே வந்தார்.)

“தம்பி, நான் விசிலோட அம்மா. அந்தப் படத்துல ஒரு சீன வெட்ட முடியுமா?”

“எந்த சீன்மா?”

“தொட்டி சீன். அது நான்தான்.”

என் கையிலிருந்த தாள் மெஷினில் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது.

படப்பிடிப்பில் துணி தைக்கப் போனவரை, நடிகை வராததால் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

“சால்வைய விடு, விடுன்னு கத்துனாங்க. திரும்பத் திரும்ப முக்குனாங்க. நான் விடல. ஃபிலிம் தீர்ந்துபோச்சு, அவங்க விட்டுட்டாங்க. இப்ப இவன் கூப்புடறான், வந்து பாரும்மா, சிரிச்சே செத்துருவேன்னு. அந்த டி-சர்ட்ட அயர்ன் பண்றதே நான்தான்.”

“அவனுக்குத் தெரியாதா?”

“மூஞ்சி பூரா சுண்ணாம்பு, எப்படித் தெரியும்? தெரிஞ்சா, பெத்தவளப் பாத்துத்தானா விசிலடிச்சோம்னு ஒடிஞ்சு போயிடுவான்.”

யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். விசிலின் அம்மாவுடைய இரண்டு கைகளும் தாமாகவே மேல்துணியைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்தன.

4

முடிவு ஒன்று: வெட்டிவிடுகிறேன். (நடக்காது. ஒரு நொடி குறைந்தாலும் சண்டைக்கு வரும் முதல் ஆள் விசில்தான்.)

முடிவு இரண்டு: பிரதி தொலைந்துவிட்டதென்று புளுகுகிறேன். எழுதிப் பார்த்தேன். சால்வையை விடாத அந்த அம்மாவின் பிடிவாதமும் சேர்ந்து தொலைந்துபோனது.

முடிவு மூன்று: மகன் அம்மா காலில் விழுந்து கதறி—

அந்த வரியையும் அடித்துவிட்டேன். நான் நிஜமாகச் சொன்னது இதுதான்: “வெட்டலம்மா. நனைஞ்ச பேய் எல்லாப் படத்துலயும் இருக்கு. நீங்க விடாம புடிச்சதுக்குத்தான் இத்தன வருஷமா வர்றோம்.”

“அதுக்கா விசிலு?” என்றார். “சரி, படம் பாக்க வரேன்.”

5

இதோ, வந்துவிட்டார். மகனுக்குப் பக்கத்து நாற்காலி. திரையில் தொட்டித் தண்ணீர் அசைகிறது. எல்லோரும் எழுகிறோம். விசில் இன்னும் விசிலடிக்கவில்லை. அம்மா பக்கம் திரும்புகிறான்.

“எழுந்திரும்மா! கைய இப்படி வச்சுப் புடிக்கணும், நான் சொல்லித் தர்றேன்.”

அவர் எழுந்துவிட்டார்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அந்தக் கைகள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருமுறை ஒரு படக்குழுவே கத்திப் பார்த்துத் தோற்றுவிட்டது. நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். அவனைப் போலவே, அவர் கையைப் பாருங்கள்.