வரி நீளம் பார்க்க ஒரு பெயர்

பாரிஸில், லா சப்பல் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அச்சகம். கல்யாண அட்டை, மரண அறிவித்தல், கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும், நாளுக்கொரு தாள் கிழிக்கும் நாட்காட்டி எல்லாவற்றையும் கணினியில் கோர்ப்பவள் நான், சாம்பவி. மரண அறிவித்தலில் பெயர் ஒரே வரியில் அடங்குமா என்று பார்க்க என் கணவர் பெயரைத்தான் அடித்துப் பார்ப்பேன்: இராஜதுரை கரிகாலன். அது அடங்கினால் எவருடைய பெயரும் அடங்கும். பிறகு அழித்துவிடுவேன். கூச்சம் கெட்ட பழக்கம்தான், ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த வருட நாட்காட்டிக்கு முதலாளி குணரத்தினம் அண்ணைக்கு ஒரு யோசனை பிறந்தது. தாள்களின் பின்னால், போன வருடம் அதே நாளில் உலகில் நடந்த ஒரு அழிவைப் போட வேண்டும்.

"சனம் விரும்பி வாசிக்கும், பிள்ளை. ஒரு வருசத்தில நடக்காத அழிவே? நாளுக்கு ஒண்டு போதும்."

மியன்மார் நிலநடுக்கம், டெக்சாஸ் வெள்ளம் என்று தேடித் தேடி நிரப்பினேன். பெப்ரவரி பதினொன்றுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தது. எரிச்சலில், வடக்கே ஏதோ ஒரு நகரில் பனிப்புயல் என்று நானே கட்டிவிட்டேன். பொய் நம்பும்படி இருக்கட்டும் என்று காரணமும் எழுதினேன். வடக்கிலிருந்து வந்த குளிர்காற்று தரையோடு படிந்து கிடக்கும். கடலிலிருந்து வரும் ஈரமான சூட்டுக்காற்று அதன்மேல் ஏறும். விட்டுக்கொடுக்காத சம்பந்திகள் மாதிரி இரண்டும் முட்டிக்கொள்ள, மேலே போன ஈரம் பனியாகக் கொட்டும். காற்றழுத்தம் சட்டென்று விழுந்தால் புயல். காலையில் மழை, பதினொரு மணிக்குப் பனி, நாலு மணிக்கு மேம்பாலத்தடியில் நசுங்கிய ஒரு வெள்ளை வான். இறந்தவர் பெயருக்கு வரி போதுமா என்று வழக்கம்போலப் பார்த்தேன். அழிக்க மறந்துவிட்டேன். இரண்டாயிரம் பிரதி.

நாளைய தாளை இன்றைக்கே கிழிப்பது நல்லதில்லை என்று எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அதனால் அந்த நாள்வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

அன்று காலை மழை. பதினொரு மணிக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியது. கூடவே அச்சகத் தொலைபேசியும் அடித்தது. புறநகர் சார்செல்லிலிருந்து ஒரு பெரியவர்.

"பிள்ளை, நாட்காட்டித் தாளில பாத்தன், கரிகாலன் செத்து ஒரு வருசமாம், இண்டைக்கு ஆட்டைத் திவசமாமே? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாளைக் கிழித்துத் திருப்பினேன். என் கையால் அடித்த பெயர். என் கணவர் காலையிலேயே இன்னொரு புறநகரான லெ பிளாங்-மெனிலுக்கு அரிசி மூட்டை இறக்கப் போயிருந்தார், வெள்ளை வானில். தாளில் ஏன் வெள்ளை என்று எழுதினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. இடையிடையே வேறு ஆட்கள் அழைத்துத் திவசச் சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். மூன்று மணி. மூன்றரை. தெருவில் ஒரு வாகனமும் இல்லை, காற்று மட்டும் சீறியது. நாலு மணிக்கு நான் வாய்விட்டு அழுதேன். குணரத்தினம் அண்ணை நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. தோளெல்லாம் பனி. அவர்தான். தொட்டுப் பார்த்தேன், கன்னம் சில்லிட்டிருந்தது, ஆனால் மூச்சு சுட்டது.

"ஃபோனை வானுக்குள்ள விட்டிட்டன். சாமான் இறக்கப் போன வீட்டில இருக்கிற கோசலை அக்கா, வானை எடுக்க விடாமல் திறப்பைப் பறிச்சு மடியில வைச்சுக்கொண்டு இருந்திட்டா. தாளில என்ரை பேர் கிடக்காம். நாலரை மணி வரைக்கும் விடேல்லை," என்றார். பிறகு குரல் இறங்கியது. "வரேக்கை பாத்தனான். மேம்பாலத்தடியில பெரிய கமியோன் லொறி ஒண்டு சரிஞ்சு கிடக்கு. சரியா நாலு மணிக்காம். அதுக்குக் கீழை ஒரு வான் நசுங்கிற அளவுக்கு இடம். அதில ஒருத்தரும் இல்லை."

தன் பெயர் ஏன் அந்தத் தாளில் வந்தது என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு மரண அறிவித்தல் வந்தது. வரி நீளம் பார்க்க விரல்கள் தாமாகவே 'இ' எழுத்துக்குப் போயின. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு சாம்பவி கரிகாலன் என்று அடித்தேன். ஓரெழுத்துக் குறைவு, பரவாயில்லை.