லிங்கதுரைக்கு உதைத்த மூன்றாவது பந்து

கடற்கரை ரசாயன ஆலையின் அணியில், ஆட்டக் காலம் தொடங்குவதற்கு முன் உதைக்கப்படும் பந்து அன்றைக்கே கீழே இறங்குவதில்லை. ஆட்டக் காலம் வந்துவிட்டால் ஒரு மூச்சு நேரத்தில் இறங்கிவிடும். அதற்கு முந்தைய மாதங்களில் பந்துக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்பதால் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

ஆட்டம் எளிமையானது. ஒரு பக்கத்தார் பந்தை வானத்தை நோக்கி உதைப்பார்கள். மறுபக்கம் தனியாக நிற்கும் ஒருவன் அதை மார்போடு அணைத்துப் பிடித்து எதிரே ஓட வேண்டும். அவனை இடித்துத் தள்ளுவதற்குப் பதினோரு பேர் ஓடிவருவார்கள். பந்து அவன் கைக்கு வரும்வரை அவர்கள் அவனைத் தொடக் கூடாது. ஓட்டத்தை நிறுத்தவும் கூடாது.

லிங்கதுரை கொதிகலன் சாம்பல் அள்ளும் ஒப்பந்தக் கூலி. பந்தைப் பிடிக்கும் இடத்துக்கு அவனை அந்த வருடம்தான் சோதித்துப் பார்க்க எடுத்திருந்தார்கள். மூன்று பந்தில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அணியில் இடம். அணியில் இடம் கிடைத்தால் ஆலையில் நிரந்தர வேலை. எதிரே ஓடிவந்த பதினோரு பேரும் அதே சாம்பல் கிடங்கின் கூலிகள்தான். மூன்று பந்தையும் அவன் கையில் நிற்கவிடாமல் அடித்துவிட்டால் அந்த நிரந்தரம் அவர்களுக்கு. இரண்டு பசிக்கும் நடுவில் ஒரே கதவை வைத்து, அதற்கு விளையாட்டு ஊக்குவிப்பு என்று நிர்வாகம் பெயர் சூட்டியிருந்தது. தொழிற்சங்கம் தன் பங்குக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தது.

முதல் பந்து மறுநாள் காலை மைதானத்திலேயே இறங்கியது. லிங்கதுரை பந்தைப் பார்க்காமல், ஓடிவருகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டான். எல்லாம் தெரிந்த முகங்கள். பந்து விரலில் பட்ட மறுகணம் அவனுடைய வலது விலா போயிற்று.

இரண்டாவது பந்து கடற்காற்றில் நகர்ந்து ஊருக்குள் வந்துவிட்டது. பந்து போகும் இடமெல்லாம் அதற்கு நேர் கீழே அவன் இருக்க வேண்டும். அது இறங்கிய நேரத்தில் அவன் பக்கத்து வீட்டுப் பொன்ராசின் பாடைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். பதினோரு பேரும் பாடைக்குப் பின்னால் மரியாதையாக மெல்ல ஓடி வந்தார்கள். பந்து அவன் காலடியில் விழுந்து இரண்டு முறை எம்பியது. பாடையைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"பந்துக்குச் சாவு வீடு தெரியுமால?" என்று கேட்டார் பயிற்சியாளர் ஞானதிரவியம்.

"தெரியாது சார்."

"பெறகு உனக்கு மட்டும் என்னத்துக்குத் தெரியணும்?"

மூன்றாவது பந்து புதன்கிழமை உதைக்கப்பட்டு, லிங்கதுரையின் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே போய் நின்றது. அவன் முற்றத்தில் நின்றான். பதினோரு பேரும் வேலிக்கு உள்ளே வந்து, நின்ற இடத்திலேயே ஓடினார்கள். அவன் மனைவி சேர்மக்கனி ஓடுகிறவர்களின் கையில் சிந்தாமல் டீ கொடுக்கப் பழகிக்கொண்டாள். அவர்கள் கை ஏறி இறங்கும் நேரம் பார்த்துத் தம்ளரை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு பேருக்கும் மூத்தவன் ரெமிஜியுஸ். கிடங்கில் லிங்கதுரைக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன்.

"தம்பி, இந்தத் தடவ எந்தப் பக்கம் இடிச்சா உனக்குத் தோது?"

"வலது பக்கம் இன்னும் கூடலண்ணே."

"அப்ப இடதுல பாத்துக்கிடுவோம். ஏல, எல்லாரும் கேட்டுக்கிட்டியளா? இடது."

"முன்னாடியே சொல்லிட்டா அவன் திரும்பிக்கிட மாட்டானாண்ணே?" என்றான் பின்னால் ஓடிய ஒருவன்.

"திரும்புனா வலதுதானல கெடைக்கும். அவனுக்குத்தான் நட்டம்."

லிங்கதுரையும் சிரித்தான். சிரித்தபோது விலா வலித்தது.

வெள்ளிக்கிழமை பந்து கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. சேர்மக்கனி அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, ஓடுகிறவர்கள் காதில் விழாதபடி சொன்னாள்.

"என்னங்க, கையத் தூக்கிருங்களேன்."

அப்படி ஒரு விதி உண்டு. பந்து இறங்குமுன் ஒரு கையை உயர்த்திவிட்டால் யாரும் அவனைத் தொடக் கூடாது. பதிலுக்கு அவன் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. பொழுது சாயும்போது பயிற்சியாளர் வந்து விசில் ஊதும்வரை கையை இறக்காமல் அப்படியே நின்றால் பந்து அவனுடையது. ஆனால் லிங்கதுரையின் அப்பா அந்த ஆலை வாசலில் கையை உயர்த்தியதெல்லாம் உரிமையைக் கேட்பதற்கு. என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சக் கை தூக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"தூக்க மாட்டேன்" என்றான்.

"ஒங்க அப்பா தூக்குன கைக்கு வீட்டுல அடுப்பு எரிஞ்சிச்சா?"

அவன் வாயில் சோறு இருந்தது.

சனிக்கிழமை மதியம் பந்து இறங்கத் தொடங்கியது. பதினோரு பேரும் குனிந்து வேகம் எடுத்தார்கள். வேலிக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் அத்தனை வேகத்தை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பந்தின் தையல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அவனுடைய வலது கை தானாக மேலே போயிற்று. பந்து இடது கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்து அடங்கியது. பதினோரு பேரும் அவன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள். விதிப்படி அவர்கள் ஓட்டம் முடிந்தது. நான்கு நாளாக ஓடியவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள்.

ரெமிஜியுஸ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அடுத்த வருசம் வயசு தாண்டிரும் தம்பி" என்றான்.

"தெரியும்ணே."

"பொழுது சாயுறதுக்குள்ள கைய எறக்கிட்டன்னா எங்களுக்கு ஒரு வழி பொறக்கும். மெதுவாத்தான் இடிப்போம். விழும்போது தலைய நானே தாங்கிக்கிடுதேன்."

சேர்மக்கனி வாசற்படியில் நின்று அவனையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். லிங்கதுரை மணலில் உட்கார்ந்திருந்த பதினோரு முதுகுகளையும் பார்த்தான். ஒவ்வொரு சட்டையிலும் அவன் சட்டையில் இருந்த அதே சாம்பல். இவர்களைத் தோற்கடித்துத்தான் தான் வாழ வேண்டும் என்று ஏற்பாடு செய்தவன் இந்த முற்றத்தில் இல்லை. அவன் எங்கோ மின்விசிறிக்கு அடியில் இருந்தான். அவனை இடிக்க எந்த விதியும் இல்லை.

பயிற்சியாளரின் ஸ்கூட்டர் தெரு முனையில் கேட்டபோது லிங்கதுரை கையை இறக்கினான்.

தோள் இறங்கியது. முழங்கை இறங்கியது. கை வரவில்லை. மணிக்கட்டுக்கு மேல் உள்ளது, விரல்களை விரித்தபடி, அவன் உயர்த்திய உயரத்திலேயே நின்றுவிட்டது. ரத்தமோ வலியோ இல்லை. சட்டைப் பொத்தான் கழல்வதுபோல ஒரு சிறு சத்தம் மட்டும் கேட்டது. ரெமிஜியுஸ் எழுந்து பாய்ந்து வந்தவன், பாதியில் நின்றான்.

"கை மேலதான் இருக்கு தம்பி. எப்படித் தொடுதது?"

லிங்கதுரை வழிவிட நினைத்து ஓரடி பின்னால் போனான். ஞானதிரவியம் முற்றத்துக்குள் வந்து கையைப் பார்த்தார். பிறகு லிங்கதுரையைப் பார்த்தார். விசிலை ஊதினார்.

"கை நகரல. நீ நகந்துட்ட" என்றார். "எடம் கைக்கு."

"எங்களுக்கு சார்?" என்று கேட்டான் ரெமிஜியுஸ்.

"நீங்க யாரையும் இடிக்கலயே."

லிங்கதுரையிடமிருந்து பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தரத்தில் நின்ற கையைக் குலுக்கி, பத்திரமாக ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். ரெமிஜியுஸ் லிங்கதுரையின் வலது சட்டைக் கையை மடித்து, சேர்மக்கனியிடம் ஊக்கு வாங்கிக் குத்திவிட்டான்.

ஆவணி பிறந்ததும் கை நிரந்தரமாயிற்று. அதற்குக் காலை ஷிப்ட். சேர்மக்கனி தினமும் சோறு கட்டிக் கொடுத்தாள். லிங்கதுரை சாம்பல் கிடங்குக்குப் போகும் வழியில் பெரிய வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தான். வாசலுக்கு உள்ளே வர ஒப்பந்தக் கூலிக்கு அனுமதி கிடையாது. முதல் வாரம் வாட்ச்மேன் எதுவும் பேசாமல் தூக்குவாளியை வாங்கி வைத்தார். திங்கட்கிழமை வாங்கவில்லை.

"யாருக்குய்யா இது?"

"என் கைக்கு."

"அது இனிமே வேண்டாம்னு சொல்லிட்டுது. கேன்டீன்ல மத்தவங்களோட சாப்பிட்டுக்கிடுதாம்." வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல வந்து நிக்கவும் வேண்டாம்னுச்சு. எல்லாரும் பாக்குறாவளாம்."

லிங்கதுரை சரி என்றான். தூக்குவாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு, நேரமாகிவிட்டதால், சாம்பல் வாசலுக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தான்.