நீலத் தகடு

சக்கரத்துக்கு அடியில் சிக்கி இரண்டாக அறுந்த கையுறையை வெர்னா ஹ்ராபிக் குப்பையில் போடவில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்குள், ரொட்டிப் பொட்டலத்துக்கும் காப்பிக் குடுவைக்கும் நடுவில் வைத்திருந்தாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் நான்கு விரல்கள் ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம் என்று அது கிடப்பதைப் பார்ப்பாள். பார்த்ததும் வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் வைத்திருந்தாள்.

டாமராக் பள்ளத்தாக்கு ரயில்வே மொத்தமே முப்பத்தெட்டு மைல். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். பெரிய ரயில்வேக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் விட்டுப்போகிற வேகன்களை இழுத்து வந்து தீவன மில்லில் சேர்ப்பதும், மரவாடியில் பலகை ஏற்றிக்கொண்டு திரும்புவதும் வாரநாள் பிழைப்பு. அக்டோபர் வந்து மலை சிவந்துவிட்டால், சனி ஞாயிறுகளில் அதே எஞ்சின் ஒன்பது பழைய பெட்டிகளில் இலை பார்க்க வரும் கூட்டத்தை ஏற்றிப்போகும். ஆளுக்கு ஒரு டோனட், ஒரு கோப்பை ஆப்பிள் சாறு, பிள்ளைகளுக்குக் கையளவு பூசணிக்காய். அக்டோபர் மாதம் முழுக்கத் தான் எஞ்சின் ஓட்டவில்லை, பூசணிக்காய் வண்டிதான் ஓட்டுவதாக டிரைவர் ஆரின் டெட்வைலர் சொல்வான்.

வசந்தத்தில் மேலாளராக வந்த டிரென்ட் மேடக் அதற்கு முன் நீச்சல் பூங்கா நடத்தியவன். ரயிலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு டிக்கெட் விற்கலாம் என்பதுதான். வந்த கையோடு பயணப் பெட்டிகளுக்குப் பளபளவென்று சாயம் அடித்தான். மில் லைனில் தண்டவாளத்துக்கு அடியில் மட்கிப்போன கட்டைகளை மாற்றக் கேட்டபோது, 'அதை யாரு போட்டோ எடுக்கப் போறாங்க?' என்று சிரித்தான். கேட்டது வெர்னாதான். பெட்டிகளையும் வேகன்களையும் பார்த்துச் சரிசெய்வது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை.

ரயில் வேலையில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவசரத்தில் பாதியை மறப்பார்கள், மீதியை முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள். நீலத் தகட்டை மட்டும் எவனும் தொடமாட்டான். பெட்டிக்கு அடியில் போகிறவர், தகட்டை மாட்டிவிட்டுத்தான் போவார். கொடி என்று பெயர், உண்மையில் கம்பியில் பொருத்திய தகரம். அது நிற்கும்வரை அந்தப் பெட்டியை அசைக்கக் கூடாது, வேறு வண்டியைக் கொண்டுவந்து அதோடு சேர்க்கக் கூடாது. மாட்டிய கைதான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் சரி, மாட்டியவர் எழுந்து வரும்வரை நிற்க வேண்டியதுதான். வெர்னாவின் தகட்டில் அவள் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது.

வியாழக்கிழமை அவள் கொட்டகைக்குப் பக்கத்து லைனில் ஏழாம் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். மேடக்கும், விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணும் பேசிக்கொண்டே வந்தார்கள். பின்னால் மலை, முன்னால் பெட்டி, அருமையான வெளிச்சம் என்றெல்லாம் அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. "அது மட்டும் கண்ணை உறுத்துது" என்றாள். "அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு" என்றான் மேடக்.

குப்பைப் பீப்பாயைச் சொல்கிறார்கள் என்று வெர்னா நினைத்தாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. நீச்சல் பூங்காவிலிருந்து வந்தவனுக்குக் கூட நீலத் தகடு தெரிந்திருக்கும் என்று நம்பினாள். கையை விட்ட கல் கீழேதான் விழும் என்று நம்புவது போல நம்பினாள்.

கால் மணி நேரம் கழித்து ஆரின் இரண்டு தீவன வேகன்களைத் தள்ளிக்கொண்டு அதே லைனுக்குள் வந்தான். தகடு இல்லை. தகடு இல்லையென்றால் அடியில் ஆள் இல்லை. மெதுவாகக் கொண்டுவந்து மோதிச் சேர்த்தான். இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகி வரும் சத்தம் வெர்னாவுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கையை உருவிக்கொண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் தட்டையாகப் படுத்தாள். பெட்டி இரண்டடி நகர்ந்து நின்றது. கழற்றி வைத்திருந்த கையுறை சக்கரத்துக்கு அடியில் போயிருந்தது. அவள் ஊர்ந்து வெளியே வந்ததைப் பார்த்த ஆரின் எஞ்சின் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

தகடு கொட்டகை மூலையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

மறுநாள் காலையில் மேடக் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினான். கொடி வைக்க மறந்துவிட்டேன், இனி கவனமாக இருப்பேன் என்று அவள் பெயரில் அழகாக அச்சடித்திருந்தது.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இதோட முடிஞ்சிரும் வெர்னா. ஏழு நாள் லீவு மாதிரி வீட்டுல இருங்க. யாருக்கும் சேதமில்லையே, கடவுள் புண்ணியத்துல."

"கொடியை நான் வச்சேன். நீங்க எடுத்தீங்க."

"நான் எதுக்கு எடுக்கணும்?"

"கண்ணை உறுத்துச்சுல்ல?"

அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு பூங்காவில் சறுக்கி விழுந்த பிள்ளையின் தாயிடம் பேசுவது போலப் பேசினான். "நீங்க ரொம்பப் பயந்து போயிருக்கீங்க. மனசு என்னென்னவோ சொல்லும். கொடி கொட்டகையில இருந்துச்சு. டிரைவரும் கொடியைப் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. சனிக்கிழமை கடைசி வண்டிக்குள்ள கையெழுத்து வரணும். வரலைன்னா திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

கொல்லப் பார்த்தவன் மன்னிக்கிறவன் போல உட்கார்ந்திருந்தான். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தைக் கிழித்து அவன் வாயில் திணிக்கலாமா என்று யோசித்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆரினிடம் போனாள்.

"என்னய்யா எழுதிக் கொடுத்த?"

ஆரின் குனிந்தபடி கை துடைத்துக்கொண்டிருந்தான். "பார்க்கலைன்னு. பார்க்கலையே வெர்ன்."

"நான் வைக்காம அடியில போயிருப்பேன்னு நீ நினைக்கிறியா?"

"சத்தியமா இல்லை. ஆனா அவன் எடுத்ததை நான் பார்த்தேனா? பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி எழுதுவேன்? நான் எழுதின ஒரு வரி பொய்யின்னா, மிச்சத்தை எவன் நம்புவான்?"

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளை இன்னும் எரித்தது. "போட்டுத் தொலையேன் வெர்ன், ஏழு நாள்தானே" என்றான் அவன் தயங்கித் தயங்கி.

"ஏழு நாளா பிரச்சினை? நான் போட்டா, அவன் அடுத்த போட்டோவுக்கும் எடுப்பான். அப்ப அடியில நீ கிடப்ப, இல்லைன்னா வேற எவனோ கிடப்பான். அந்தத் தகரத்தை நம்பித்தான்யா நாம படுக்கிறோம்!"

அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பகல் ஒரு மணி வண்டிக்கு முந்நூற்றுப் பத்துப் பேர். நிலையத்தில் தண்டவாளம் வளைந்து போகும். எந்த ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் எஞ்சின் தெரியும். முதல் நாள் சாயங்காலம் மேடக் ஆள் வைத்துப் பெட்டிகளின் படிகளில் சோளத்தட்டைகளைக் கம்பியால் கட்டியிருந்தான். புறப்படுவதற்கு முன் வழக்கம் போல வண்டியோரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்த வெர்னா முதல் பெட்டி அருகே நின்றாள். அலங்காரக் கம்பி ஒன்று அவிழ்ந்து பிரேக் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அப்படியே விட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

அடியில் போகத்தான் வேண்டும். தகட்டை எடுத்து வந்து டிரைவர் கண்ணில் படும்படி எஞ்சின் ஏணியில் மாட்டினாள்.

"முதல் பெட்டிக்கடியில போறேன்" என்றாள் ஆரினிடம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

"கொடியைப் பார்த்துட்டேன்" என்றான் ஆரின். விதிப்படி சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அவன் அதோடு நிற்கவில்லை. எஞ்சின் முன்னே போவதா பின்னே போவதா என்று திருப்புகிற கைப்பிடியை உருவிக்கொண்டு கீழே இறங்கினான். அது இல்லாமல் எஞ்சின் ஒரு அங்குலம் நகராது. "நீ எழுந்து வர்ற வரைக்கும் இது என் பையில இருக்கும்" என்றான்.

நேரம் ஆனது. பிள்ளைகள் சிணுங்கின. கண்டக்டர் லூவான் பெட்டி பெட்டியாகப் போய்ப் பதில் சொல்லிச் சலித்து, கடைசியில் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் எஞ்சின் பக்கம் பாருங்க. நீலமா ஒரு தகடு தெரியுதா? அதுல ஒரு பேரு இருக்கு. அந்தப் பேருக்காரம்மா இப்ப வண்டிக்கு அடியில இருக்காங்க, நீங்க பத்திரமா போய்ச் சேரணும்னு. அந்தம்மா வந்து தன் கையால எடுக்கிற வரைக்கும் வண்டி நகராது. வேற யாரும் அதைத் தொடக் கூடாது. இந்த லைன்ல அதுதான் பெரிய விதி."

பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நீலத் தகட்டைப் பார்த்தார்கள்.

மேடக் இது எதையும் கேட்கவில்லை. டிக்கெட் அறைக்குள் நின்று போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்து வெளியே வந்தவன் கண்ணில் முதலில் பட்டது தகடுதான். சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டியவள் முந்நூறு பேரைக் காக்க வைத்து வேண்டுமென்றே பழி வாங்குகிறாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கம்பியை வெட்டிக்கொண்டிருந்த வெர்னா, பளபளக்கும் பழுப்புச் சப்பாத்துகள் வேகமாகப் போவதைச் சக்கரங்களுக்கு இடையே பார்த்தாள். எஞ்சின் ஏணிக்கு அருகில் அவை நின்றன. தகரம் கம்பியில் உரசிக் கழன்றது.

"போதும் இந்த நாடகம்!" மேடக்கின் குரல். "ஆரின், ஏறு! வண்டியை எடு!"

கைப்பிடி ஆரின் பையில் இருப்பது அவள் புத்திக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு தானாகவே தண்டவாளங்களுக்கு நடுவில் தட்டையாகிக்கொண்டது.

அப்போதுதான் மேலே இடி இடித்தது. ஒன்பது பெட்டிகளிலும் ஜன்னல்களை அடித்தார்கள். "அடியில ஆள் இருக்கு!" என்று ஒரு பெண் வீறிட்டாள். "டேய், அதை வைடா!" என்றது ஒரு கிழட்டுக் குரல். ஒரு சின்னப்பெண் அழுதுகொண்டே கத்தினாள்: "அது உன்னோடது இல்லை! அந்தம்மா பேரு போட்டிருக்கு!" பாதிப் பேர் கையில் போன். எல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

மேடக் கையிலிருந்த தகட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வெர்னா வெளியே வரவில்லை. மிச்சக் கம்பியை வெட்டி முடித்தாள். பிறகு பெட்டிக்கு அடியிலிருந்தே, நிதானமாகச் சொன்னாள்.

"எடுத்த இடத்துல வைய்யா. அப்பத்தான் வருவேன்."

வைக்கப் போனான். கொக்கி ஏணியில் மாட்ட வரவில்லை, இரண்டு முறை நழுவி விழுந்தது. உதவிக்கு யாரும் கை நீட்டவில்லை. மூன்றாம் முறை மாட்டியது. வெர்னா ஊர்ந்து வெளியே வந்து, எழுந்து, தலையில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டு நடந்துபோய்த் தன் தகட்டைத் தன் கையால் எடுத்தாள். பெட்டிகளில் கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள். அச்சடித்த பக்கத்தைக் கீழே வைத்து, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி ஆரினிடம் நீட்டினாள்.

ஆரின் வாங்கிக்கொண்டான். மேடக்கின் கோட்டுப் பையில் செருகியிருந்த பேனாவை, கேட்காமலே, உருவினான்.

"இன்னைக்குப் பார்த்தேன் வெர்ன்" என்றான். எஞ்சின் படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான்.