மரியாதைக்குத் திராட்சைச் சாறு

கரண்டியார் சட்டியின் மூடியைத் திறந்தார். திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். ஆட்டுத்தொடை பஞ்சுபோல் வெந்திருந்தது. குழம்பு பளபளவென்று கறுத்துத் திரண்டிருந்தது. ஆனால் அதிலிருந்து எழுந்த மணம், ஏழாண்டுகளாகப் பக்கத்து அடுப்பிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த மணம்.

“சொட்டு, இதுல என்னப்பா ஊத்தினே?”

குழம்புப் பகுதியைக் கவனிப்பவரின் பட்டப்பெயர் அது. எதைக் கேட்டாலும் ‘ஒரு சொட்டுதான்’ என்று சொல்லிவிட்டுத் தாராளமாக ஊற்றுபவர் அவர்.

“நீங்க எழுதி ஒட்டினதைத்தாண்ணே. திராட்சைச் சாறு. ரெண்டு பாட்டில் ஊத்தினேன்.”

“பாட்டிலா? நான் வாங்கி வச்சது அட்டைப் பெட்டியில இருக்கேய்யா!”

பெட்டிகள் இரண்டும் மேல்தட்டில் மூடி திருகப்படாமல் சமர்த்தாக அமர்ந்திருந்தன.

பழியைச் சொட்டின்மீது சுமத்தவும் வழியில்லை. இந்த உணவகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, “அந்தப் பேரை மட்டும் என் காதுல போடாதீங்கப்பா” என்று கேட்டுக்கொண்டவர் கரண்டியாரேதான். சமையலறையினர் நல்லவர்கள். அவருக்கென்று ஒரு சட்டியையும் இரண்டு கரண்டிகளையும் ஒதுக்கித் தந்தார்கள்; கரண்டிகளை அவர் எந்நேரமும் சட்டைப்பையில் செருகி வைத்திருந்ததால் பட்டப்பெயரும் சூட்டினார்கள். ஒயினுக்கும் மரியாதையாக ஒரு மாற்றுப்பெயர் வைத்தார்கள். “திராட்சைச் சாறு எடு”, “திராட்சைச் சாறு தீர்ந்துபோச்சு” என்று ஏழாண்டுகள் புழங்கியதில், உண்மையான திராட்சைச் சாற்றுக்கு அந்த அறையில் பெயரே இல்லாமல் போயிற்று. இன்று காலை இறைச்சியை வதக்கி இறக்கி, அவசரமாகச் சீட்டெழுதிச் சட்டியில் ஒட்டிவிட்டு, விருந்து அறையை ஒழுங்குபடுத்தப் போனபோது இது அவருடைய நினைவில் உதிக்கவில்லை.

நினைவில் உதித்தே தீர வேண்டிய நாள் இது. ஒரு மணிக்கு மாமனாரின் பணி ஓய்வு விருந்து. கணக்கு வாத்தியாராகிய அம்மனிதர், மது பரிமாறும் இடம் என்ற ஒரே காரணத்தால், மருமகன் இங்கே சமைத்ததில் ஒரு வாய்கூட உண்டதில்லை. ‘பக்கத்து அறை நமக்கு மட்டும்தான், இறைச்சி நம்ம ஹலால் கடையில வாங்கினது, சட்டி என்னோடது, எல்லாத்துக்கும் நான் பொறுப்பு’ என்று நான்கு மாதம், காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

அதற்குள் தலைமைச் சமையல்கார அம்மையார் வந்து எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? ரெண்டு மணி நேரமா கொதிக்குது. எல்லாம் ஆவியாப் போயிருக்கும்.”

“போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். விஷயம் அது இல்லம்மா. ஊத்தினதே தப்பு.”

“அப்ப வினிகர்? அதுவும் இதுலேருந்து வந்ததுதானே? நீங்க ஊத்தலையா?”

“அது மாறி வேற பொருளா ஆயிடுச்சும்மா. குடிச்சா பல்லு கூசும், போதை வராது. இது அப்படியே இருக்கிறதை எடுத்து ஊத்தினது.”

“ஒரு சொட்டுதாண்ணே...” என்று சொட்டு வாய்ப்பழக்கத்தில் தொடங்கினார்.

“ரெண்டு பாட்டில்யா!”

“தெரியாம சாப்பிட்டா குத்தம் இல்லைன்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க?” என்றார் அம்மையார். “அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!”

இதையெல்லாம் எழுபது முறையாவது விளக்கியிருப்பார். ஒவ்வொரு முறையும் எல்லாரும் அக்கறையோடு தலையாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கரண்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டியை வேறொரு பாத்திரத்தில் கவிழ்த்தார். வீணாக்குவானேன் என்று மற்றவர்கள் தட்டேந்தி வந்தார்கள்.

“அடடா, அண்ணே! நீங்க சமைச்சதிலேயே இதுதான்...” என்று கண்மூடிச் சுவைத்த சொட்டு, அவர் முகத்தைக் கண்டு மீதியை இறைச்சியோடு சேர்த்து விழுங்கினார்.

மணி பன்னிரண்டே கால். அறுத்த முறையைப் பற்றிக் கேள்வி எழாத ஒரே உணவு மீன். இரவு வியாபாரத்திற்கென்று குளிர்பெட்டியில் இருந்த மீனை அம்மையார் முணுமுணுத்தபடி எடுத்துத் தந்தார். ஏழாண்டுகளாகக் கண்ணுக்குள் வைத்துக் காத்த சட்டியைக் கரண்டியார் மூன்று முறை தேய்த்தார். மனம் கேட்காமல் நான்காவது முறையும் தேய்த்தார். எண்ணெய், எலுமிச்சை, மிளகு, உப்பு. சொட்டு உதவிக்கு நெருங்கியபோதெல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டார்.

ஒரு மணிக்குத் தட்டுகள் பக்கத்து அறைக்குச் சென்றன. மாமனார் தம் தட்டை உற்று நோக்கினார்.

“ஆட்டுத்தொடைன்னு சொன்னீங்களே, மாப்பிள்ளை?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ‘நான் பொறுப்பு’ என்று வாக்களித்த நாக்கு அதற்கு வளையவில்லை. நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வகுப்பில் தவறான விடையைக் கேட்டவர்போல வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மீன்ல ஒண்ணும் இல்லையே?”

“இல்ல, மாமா. நானே நின்னு சமைச்சேன்.”

“சட்டி?”

“நானே தேய்ச்சேன். நாலு தடவை.”

“நீங்க மறைக்காம சொன்னதால சாப்பிடுறேன்” என்றார் வாத்தியார். ஒரு துண்டை விண்டு வாயிலிட்டார். மென்றார். “ம். உப்பு சரியா இருக்கு.”

அவர் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு கரண்டியார் சமையலறைக்குத் திரும்பினார். நிம்மதியும் எரிச்சலும் சரிபாதியாக இருந்தன. நேராகப் பக்கத்து அடுப்புக்குச் சென்று, ஏழாண்டுகளில் முதன்முறையாக அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தார். அதன்மேல் காகிதம் ஒட்டி, தடித்த மைப்பேனாவால் மூன்று எழுத்துகளை எழுதினார்.

“படி, சொட்டு. இனிமே இதுக்கு இதுதான் பேரு.”

சொட்டு நெளிந்தார். “உங்க முன்னாடி எப்படிண்ணே...” என்று இழுத்து, உதட்டை மட்டும் அசைத்தார்.

“எனக்கே கேக்கலை. உங்க மரியாதையால வந்த வினைதான்யா இவ்வளவும்! வாயைத் திறந்து சத்தமா சொல்லு!”

இத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்த சொல்லைச் சொட்டு அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

“ஒயின்ன்ன்!”

தட்டுகளை நீட்டுவதற்காக இரண்டு அறைகளுக்கும் இடையே வைத்திருந்த சன்னல் திறந்தே கிடந்தது. அப்பால் கேட்டுக்கொண்டிருந்த கரண்டிகளின் ஒலி ஒரே நேரத்தில் நின்றது. பிறகு ஒரு தட்டு மேசைமேல் தள்ளப்படும் ஓசை.

“மாப்பிள்ளை! கொஞ்சம் இங்க வாங்க.”

“வந்துட்டேன், மாமா! அது வேற... அது வேற விஷயம்!” என்று கரண்டியார் பதறி ஓடினார்.

கதவைக் கடந்து, உறவினர் அனைவரின் பார்வையும் தம் கையில் பதிந்தபோதுதான், பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.