மினாவை ஒளித்த படகு

ஆம்ஸ்டர்டாம் போகலாம் என்று சொன்னது கேசாதான். மினாவை அவளைப் பெற்றவளிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் நாலு பேருமாக எங்காவது போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சந்தோஷமாவா? நம்மாலயா?" என்று கேட்டான் கணவன் ஹென்னிங். கேட்டானே தவிர, டிக்கெட் எடுத்துவிட்டான்.

மினா ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா யாஸ்மின் அப்போது குடியில் விழுந்து கிடந்தாள். குழந்தைகள் நல அலுவலகத்தார் தூக்கிவந்து, கொஞ்ச காலம் வளர்த்துக் கொடுங்கள் என்றார்கள். கொஞ்ச காலம் நாலு வருஷமானது. யாஸ்மின் குடியை விட்டாள், பிரெமனில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள், வீடு பிடித்தாள். பிள்ளை அவளுக்குத்தான் என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அதுதான் கேசாவுக்குத் தாங்கவில்லை. மினாவின் கட்டிலும் பொம்மைகளும் முன்பே பிரெமன் போய்விட்டன. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், பிரெமன் ஸ்டேஷனில் யாஸ்மின் வந்து அவளை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

முதல் நாள் முழுக்கத் தூறல். வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். படகு வீடு ஒன்றின் ஜன்னலில் பூனை படுத்திருந்தது.

"இந்த வீடு மிதந்து போயிடாதா?" என்றாள் மினா.

"கயித்தால கட்டி வெச்சிருக்காங்கடி, மக்கு," என்றாள் கேசாவின் மகள் ஸ்வென்யா. அவளுக்குப் பன்னிரண்டு வயது. "அப்பாவையும் இப்படிக் கட்டி வெக்கணும். பாரு, மறுபடி எங்கயோ காணோம்."

ஹென்னிங் பின்னால் ஒரு கடை வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ஜலதோஷம் என்றான். யாரும் நம்பவில்லை.

மறுநாள் சுற்றுலாப் படகில் ஏறினார்கள். பாதி வழியில் யாஸ்மின் வீடியோவில் அழைத்தாள். "யாஸ்மின் அம்மா, இங்க பாரு, வாத்து!" என்று மினா போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினாள். "உன் ரூமுக்கு மஞ்சள் திரை தச்சிருக்கேன் செல்லம்," என்றது போனுக்குள்ளிருந்த குரல். கேசா எழுந்து படகின் பின்பக்கம் போனாள். ஸ்வென்யாவும் கூடவே வந்தாள்.

"நீ ஏம்மா சண்டை போடல?"

"யாரோட? அவ அம்மாவோடயா?"

"அப்ப நான் யாரு? ராத்திரி அவ பயந்து அழுதா யார் பக்கத்துல வந்து படுக்கறா? உன் பக்கத்துலயா, என் பக்கத்துலயா?"

கேசா தோளைத் தொடப் போனாள். ஸ்வென்யா விலகிக்கொண்டாள்.

ஊர் திரும்பும் நாள். ஸ்டேஷனில் ஹென்னிங் ரொட்டி வாங்க வரிசையில் நின்றான். கேசா லாக்கரில் வைத்திருந்த பெட்டிகளை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பெஞ்சில் பிள்ளைகள் இருவரும் இல்லை. கழிப்பறையில் இல்லை, கடைகளில் இல்லை. ஸ்வென்யாவின் போன் அணைந்திருந்தது. இந்த ஊரில் எந்தப் பக்கம் ஓடினாலும் தண்ணீர். கேசா ஒவ்வொரு பாலத்திலும் குனிந்து குனிந்து பார்த்தாள். மினாவின் சிவப்புக் குல்லாயைத் தண்ணீரில் தேடிய கண்களை அவளே வெறுத்தாள்.

ஒரு போலீஸ்காரிதான், "ஸ்டேஷனுக்குப் பின்னால பாத்தீங்களா? அக்கரைக்குப் போற படகுக்குக் காசு வேண்டாம். பிள்ளைங்க அதுல போயிருக்கலாம்," என்றாள்.

ஓடினார்கள். படகு வந்துகொண்டிருந்தது. கம்பியோரம் சிவப்புக் குல்லாய் தெரிந்தது. ஸ்வென்யா மினாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்காமல் போவதும் வருவதுமாகவே இருந்திருக்கிறார்கள்.

"ரயில் போயிடுச்சா?" என்று முதலில் கேட்டாள் ஸ்வென்யா.

"போயிடுச்சு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பிரெமன் போக வேண்டாம்ல?"

அறைவதற்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. "அடுத்த ரயில் இருக்கு கண்ணு," என்றாள் கேசா.

"எத்தனை ரயில்தாம்மா இருக்கு?" என்று வெடித்து அழுதாள் ஸ்வென்யா. மினா அவள் கன்னத்தைக் குல்லாயால் துடைத்தாள். "அழாத. அடுத்த ரயில்ல நான் உன் பக்கத்துல உக்கார்றேன். ஜன்னல் சீட்டு உனக்கு."

யாஸ்மினுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. ரயிலை விட்டுவிட்டோம் என்று சொன்னாள் கேசா.

"வருவீங்கதானே?" என்றாள் யாஸ்மின்.

"வர்றோம்."

"நிஜமா?"

"நிஜமா," என்றாள் கேசா. பிள்ளைகள் கிடைத்த பிறகு, புறப்பட்டுப் போய்விட்ட அந்த ரயிலை நினைத்துத் தன் மனசும் ஒரு நொடி துள்ளியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிரெமனில் இறங்கும்போது மினா ஹென்னிங் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். யாஸ்மின் பேக்கரி உடுப்போடு நின்றிருந்தாள். மாற்றிக்கொள்ளக்கூட வீட்டுக்குப் போகவில்லை. எழுப்ப வேண்டாம் என்று அவள் சைகை காட்டினாள். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குக் குழந்தை மாறியது. கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை நாளாகக் கேசா மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

ஸ்வென்யாதான் கிட்டே போனாள். "காய்ச்சல் வந்தா அவ வாய் திறந்து சொல்ல மாட்டா. சத்தமில்லாம மேசைக்கு அடியில போய்ப் படுத்துப்பா. நீங்கதான் தேடிப் பாக்கணும்."

"பாக்கறேம்மா," என்றாள் யாஸ்மின்.

ஆரம்பத்தில் மினா தினமும் போன் செய்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு சிநேகிதிகளைப் பற்றியே பேசினாள். ஒரு ஞாயிறு, "அம்மா" என்பதற்குப் பதிலாக "கேசா" என்று கூப்பிட்டாள். ஹென்னிங் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"சொல்லு கண்ணு," என்றாள் கேசா. "கேட்டுட்டுதான் இருக்கேன்."