லிஸ்பனில் ஒரு மணித்தியாலம்

பிளோறன்ஸ் தன் கணவர் கிறிஸ்தோப்பரின் திறந்த கண்களைக் கடைசியாகப் பார்த்தது 1996 ஒக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு. ஜேர்மனியின் ஹம் நகரில், ரயில் பாதையோரத்து மூன்றாம் மாடி வீட்டில், சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடித்துப் படுத்திருந்த மனிதர் எழுந்து வந்து குசினி வாசலில் நின்று, "என்னப்பா மணக்குது?" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அப்படியே சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். பின்னேரம் அவர் திரும்பக் கண்ணயர்ந்தபோது விழித்து, "ஒண்டும் மணக்கேல்லை, இப்பதானே துருவுறன்" என்று பதில் சொன்னாள். கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து ஒருவர் விழித்தால் மற்றவர் தூங்கினார். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்தார். இருபத்தெட்டு வருடம் அப்படியே இருந்தது.

எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பிள்ளைகளை அந்நியரிடம் விடக்கூடாது என்று ஹம்மில் இருந்த எங்கள் சனம் எல்லாம் அப்போது ஒரே முடிவில் இருந்தது. தகப்பன் இரவு ஷிக்ட் வேலைக்கு, தாய் காலை ஷிக்ட் வேலைக்கு. படிக்கட்டில் எதிர்ப்பட்டு வீட்டுத் திறப்பைக் கைமாற்றுவார்கள். கிறிஸ்தோப்பர் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் இரவிலும், பிளோறன்ஸ் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் காலையிலும் வேலை செய்து லக்ஸனையும் லாராவையும் வளர்த்தார்கள். அப்படி வளர்த்த குடும்பங்கள் நாற்பது இருந்தன. மற்றவர்களுக்கு முதுகு நோ வந்தது, சீனி வியாதி வந்தது. இவர்களுக்கு இது வந்தது.

முதல் வருடம் களைப்பு என்றார்கள். 1998-இல் வைத்தியசாலையில் நித்திரைப் பரிசோதனைக்கு நாள் குறித்து டெர்மின் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து, தலையில் வயர் ஒட்டி, ஒரு கிழமை பார்த்துவிட்டு, இருவரும் தனித்தனியே பூரண சுகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காப்புறுதிக்காரர் நோயாளி இன்னார் என்று குறிப்பிடாத அன்ட்ராக்கை, விண்ணப்பத்தை, ஏற்க ஏலாது என்று திருப்பி அனுப்பினார்கள். கெவலார் மாதாவிடம் பதினொரு ஆவணிகள் யாத்திரை போனார்கள். மாதாவை ஒருவர் பார்த்தார், ஒருவர் குறட்டை விட்டார். 2004-இல் தன் தாயின் செத்தவீட்டுக்கு பிளோறன்ஸ் தனியே மன்னாருக்குப் போனாள். பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து ஹம்மில் கிறிஸ்தோப்பர் விழித்துக்கொண்டதால், தாய் சேமக்காலைக்குப் போனதை அவள் காணவில்லை. சனமும் பழகிவிட்டது. கலியாண வீட்டு வீடியோக்களில் பின்வரிசைக் கதிரையில் ஒருவர் சாய்ந்திருப்பார், மற்றவர் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, அவர் பங்குக் கேக்கைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைப்பார். சண்டை சச்சரவே இல்லாத குடும்பம் என்று சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் இவர்களைக் காட்டிச் சொன்னார்.

சண்டை இருந்தது. ஒன்று முடிய ஐந்து நாள் பிடித்தது, அவ்வளவுதான். குசினி மேசையில் ஒரு கசற் ரெக்கோடர் இருந்தது. பிற்காலத்தில் அந்த வேலையைக் கைத்தொலைபேசி பார்த்தது. அவர் பேசி வைத்துவிட்டுப் படுப்பார், அவள் எழும்பிக் கேட்டுவிட்டுப் பதில் வைப்பாள்.

"கறிக்கு உப்புக் காணாது, பிளோறன்ஸ்."

"உப்பு மேசையிலைதான் கிடந்தது. கை இல்லையோ உங்களுக்கு?"

"கை கிடக்கு. உப்பைத்தான் நீர் ஒளிச்சு வைச்சிட்டுப் படுத்திட்டீர்."

ஓய்வூதியம் வந்தால் சரிவரும் என்று இருவரும் நம்பினார்கள். ஷிக்ட் போனது, சரிவரவில்லை. 2023 முடிகிற நேரம் பிளோறன்சுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது: அவளுடைய பகல் நீண்டுகொண்டு வந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் விழித்திருந்தவள் பதினைந்து, பதினெட்டு என்று விழித்திருந்தாள். அவர் அந்தளவுக்கு விழிக்கவில்லை என்பதுதான் அதன் கருத்து. வசந்தத்தில் அவருடைய நெஞ்சைப் படம் பிடித்த வைத்தியர் வரப்போகும் நத்தார்ப் பண்டிகையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு மணித்தியாலம்தான் அவருக்கு மிஞ்சியிருந்தது. மிச்சம் இருபதும் அவளுடையது. அவள் அதைக் கேட்டு வாங்கியதில்லை.

"எனக்கு ஒண்டே ஒண்டு வேணும்" என்று அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். "அவர் என்னைப் பாக்கிறதை நான் பாக்கவேணும். ஒருக்கால்."

ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிற லக்ஸன், "வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோவன், அம்மா" என்றான்.

"அது ரெலிபோனைப் பாக்கிற கண்ணடா."

வழி சொன்னவள் லூர்தம்மா. சலவைக்கூடத்தில் பிளோறன்சோடு இருபது வருடம் படுக்கைவிரிப்பு மடித்தவள். வாயாலேயே வழக்கு வெல்லுகிற மனுசி.

"போர்த்துக்கல் எங்களிலும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அவர் ஜேர்மன் நேரம் எட்டுக்கு எழும்புறவர், அங்கை அப்ப ஏழுதான். உன்ரை முறை எட்டு மட்டும் கிடக்கு. நடுவிலை நிக்கிற அந்த ஒரு மணித்தியாலம் ஆற்றை? ரெண்டு பேரின்ரையும்."

"லண்டனும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத்தானே அக்கா. ஆறு தரம் போயிட்டம்."

"லண்டனிலை உன்ரை சொந்தக்காரர் அதை விட்டு வைப்பினமோ? விடியமுன்னம் தேத்தண்ணியோடை வந்து நிப்பினம். ஒருத்தரையும் தெரியாத ஊராப் பாத்துப் போ. லிஸ்பனுக்குப் போ. அந்தோனியார் பிறந்த ஊர். துலைஞ்ச சாமானைத் தேடிக் குடுக்கிறவர்."

ஜேர்மனிக்கு வந்த முப்பத்துச் சொச்ச வருடத்தில் அவர்கள் கலியாணத்துக்குப் போயிருக்கிறார்கள், சாமத்தியவீட்டுக்குப் போயிருக்கிறார்கள், செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சும்மா போனதில்லை. கிறிஸ்தோப்பர் திகைத்துப்போய், "தெரிஞ்ச ஆக்கள் இல்லாத ஊரிலை போய் நிண்டு என்னத்தைச் செய்யிறது?" என்று பேசி வைத்தார். "என்னைப் பாருங்கோ" என்று அவள் பதில் வைத்தாள். அடுத்த நாள் காலை ரெக்கோட்டில் அவர் இருமிய சத்தமும், "ஓம், சரி" என்பதும் மட்டும் இருந்தன. லாரா நான்கு நாளுக்கு ஹோட்டலும் ஒரு சக்கர நாற்காலியும் பதிவு செய்தாள்.

2024 ஜூன் கடைசியில், மத்தியானப் பிளேனில், பிளோறன்ஸ் தூங்குகிற கணவரைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். பணிப்பெண் சுகமில்லையா என்று கேட்டாள்; நித்திரை என்றதும் அவருக்கும் சேர்த்து ஒரு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள். ஹோட்டல் பழைய நகரத்தின் மேட்டில் இருந்தது. சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்த தெரு, சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. அந்தோனியார் திருவிழா முடிந்து இரண்டு கிழமையாகியும் கடதாசித் தோரணம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது, சந்தெல்லாம் சுட்ட மீன் மணம். கையில் அவள் இரண்டு மணிக்கூடு கட்டியிருந்தாள், ஒன்று ஹம் நேரம், மற்றது லிஸ்பன் நேரம்.

முதல் காலை அவள் குளித்து, நீலச் சீலை உடுத்து, கழுத்தில் பொட்டுச் சங்கிலி போட்டு, அவருடைய கட்டிலுக்கு நேரே கதிரை இழுத்து உட்கார்ந்தாள். லிஸ்பன் நேரம் ஏழாக ஒரு நிமிடம் இருக்கும்போது அவருடைய இமை அசைந்தது. பிறகு அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஆற்றுத் தண்ணீர். கடல் மாதிரி அகலமான ஆறு. அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள், தலையில் ஒரு புதுத் தொப்பி. பக்கத்து மர வாங்கில் கிறிஸ்தோப்பர் நாடி நெஞ்சில் முட்டத் தூங்கிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. அவருடைய மடியில் ரெலிபோன்.

"அந்தோனியார் வேலைக்கு வரேல்லைப் போலை" என்றது அவருடைய குரல். "உம்மை இதுமட்டும் நான் தள்ளேல்லை, இறக்கந்தான் தள்ளினது. நான் பின்னாலை பிடிச்சுக்கொண்டு ஓடினனான். உம்மடை வாய் திறந்து கிடந்தது, ஒரு ஈ உள்ளை போகப் பாத்தது, கலைச்சுவிட்டனான். நீலச் சீலை நல்லாக் கிடக்கு. தொப்பி வடிவில்லை எண்டால் கழட்டி எறியும்."

தொப்பியை அவள் கழற்றவில்லை. அவரை நாற்காலியில் ஏற்றி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாள். தள்ள ஏலாமல் நின்ற இடத்தில் அந்நியர் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அப்படியே நகரத்தை முறை வைத்துப் பார்த்தார்கள்: காலை அவருக்கு, பின்னேரம் அவளுக்கு. அவர் கோட்டையைப் பார்த்தார், அவள் கோட்டைக்குக் கீழே விழித்தாள். மஞ்சள் ட்ராமில் அவர் ஏறினார், அவள் இறங்கினாள். சாப்பாட்டுக் கடைக்காரன் ஒவ்வொரு நாளும் இரண்டு கோப்பை வைத்து, ஒன்றைத் துணியால் மூடிவிட்டான். அவளுடைய பதில் ஒவ்வொரு இரவும் நீண்டது. மீனில் முள் கூட, பாண் பரவாயில்லை, கோயிலில் உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், நாளைக்காவது ஒரு நிமிடம் கண்ணை மெதுவாய்த் திறந்து பாருங்கோ. இரண்டாம் காலை அவர் மெதுவாய்த் திறந்தார். மூன்றாம் காலை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இரண்டு முறையும் அவள் கதிரையிலிருந்து சரிந்ததுதான் மிச்சம்.

நான்காவது நாள் கடைசி. இருட்டு விலகியதும் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய், எதிரே வாங்கில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். பிறகு பையிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை எடுத்து, கண்ணாடி பார்த்து, மேல் இமை இரண்டையும் புருவத்தோடு இழுத்து ஒட்டினாள். கீழ் இமையைக் கன்னத்தோடு ஒட்டினாள். தெருக் கூட்டியவர் பார்த்துவிட்டுத் தொடர்ந்து கூட்டினார். ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தது.

அவள் விழித்தது விமான நிலையத்தில். கண் எரிந்தது, பிளாஸ்ரர் இல்லை. ரெலிபோனில் நெடுநேரம் காற்றுச் சத்தம்தான் இருந்தது.

"பிளோறன்ஸ். கண் திறந்துதான் கிடந்தது. ஒரு கண் மற்றதிலும் கொஞ்சம் வெளிறல், அது எனக்கு மறந்து போச்சு. கிட்டப் போய்க் கூப்பிட்டுப் பாத்தனான். லைற் எரியுது, வீட்டிலை ஆக்கள் இல்லை, அப்பிடி. நீர் உள்ளுக்கு இல்லை. பிறகு கண் காஞ்சு தண்ணி வழியத் துடங்கிச்சுது, கழட்டிப்போட்டன். இழுக்கேக்கை இமைமயிர் ரெண்டு வந்திட்டுது, கோவிக்காதையும். இனி இப்பிடிச் செய்ய வேண்டாம். எனக்குப் பயமாக் கிடந்தது."

"கோவமில்லை" என்று அவள் பதில் வைத்தாள். "நீங்கள் பாத்தனீங்கள்தானே. ஒராள் பாத்தால் காணும்." காணாது என்று அவளுக்குத் தெரியும். அதை ரெக்கோட்டில் சொல்லவில்லை.

ஹம்முக்கு வந்தபின் அவளுடைய நாள் இன்னும் நீண்டது. ஓகஸ்டில் இருபத்தொரு மணித்தியாலம், ஒக்டோபரில் இருபத்துமூன்று. அவள் வீட்டையெல்லாம் கழுவினாள், யன்னல் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். கொஞ்ச நேரமாவது தனக்கு நித்திரை வரவேண்டும் என்று மன்றாடினாள், வந்தால் அவர் விழித்திருக்கிறார் என்று கருத்து. நவம்பர் பதினான்காம் திகதி காலை எட்டு மணிக்கு அவள் கட்டிலருகே கதிரையில் நித்திரையானாள். அன்று லாரா லீவு எடுத்து வந்து நின்றாள். நடந்ததைப் பிறகு சொன்னவள் அவள்தான்: அப்பா விழித்தார், தண்ணீர் வேண்டாம் என்றார், அம்மாவின் கதிரையை இன்னும் கிட்ட இழுக்கச் சொன்னார், இழுத்ததும் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தபடியே மூச்சு நின்றது. கண் திறந்தபடி விட்டால் விறைத்துப்போய்ப் பிறகு மூடேலாது, உடனே மூடிவிட வேண்டும் என்று லூர்தம்மா முந்தின கிழமைதான் லாராவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டே உள்ளங்கையால் மூடினாள். அரை நிமிடம் கழித்து பிளோறன்ஸ் விழித்தாள்.

இருபத்தெட்டு வருடம் பார்த்த அதே மூடிய முகம். முறை மாறியிருக்கிறது என்று நினைத்து, வழக்கம்போல வாயைத் துடைத்துவிடக் கையை நீட்டினாள். லாரா அந்தக் கையைப் பிடித்தாள்.

"கண்?" என்று பிளோறன்ஸ் கேட்டாள்.

"நான்தான் மூடினனான், அம்மா."

"எந்தப் பக்கம் பாத்தவர்?"

"உங்களைத்தான்."

லாராவுக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிளோறன்ஸ் மகளின் தலையில் கையை வைத்து, "நல்லது செய்தாய், பிள்ளை. மூடத்தானே வேணும்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. அவர் இனி எழும்பப்போவதில்லை என்பதால் அவளுடைய முறை முடிவதில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியான அளவில் இருந்தது. வைத்தியர் குளிசை எழுதினார், அவள் வாங்கி வைத்தாள். அடுத்த வசந்தத்தில், இடத்தை அடைக்கிறது என்று இரட்டைக் கட்டிலை இலவசமாகத் தருவதாக லக்ஸனைக் கொண்டு விளம்பரம் போடுவித்தாள். ஒரு ஜேர்மன் பொடியன் அளவு நாடாவோடு வந்தான். நல்ல கட்டிலாயிற்றே, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டான். கணவர் இறந்துவிட்டார், அதனால் தனக்கு நித்திரையே வருவதில்லை, போன நவம்பரிலிருந்து ஒரு நாளும் இல்லை என்று அவள் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு நீளத்தை அளந்தான், அகலத்தை அளந்தான், படிக்கட்டுத் திருப்பத்தில் பிடிக்குமா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தான். மெத்தை இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டான். எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலின் மற்றப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள்.